சாவியை அணைத்துப் போட்டால் இழுவை திரும்புகிறதா? அப்போ டர்போ சாகவில்லை

கடிதச் சுருக்கம்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அவரையோ பட்டறைகளையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

2012-இல் புதிதாக வாங்கிய ஏழு சீட் டீசல் வண்டி, டிஎன் 29 பதிவு. 2.2 லிட்டர் காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்கிற ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும்), வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில், உள்ளே அசையும் தகடுகள் உள்ள வகை). 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினசரி ஓட்டம் பாலக்கோட்டுக்கும் தர்மபுரிக்கும் இடையில்தான். மகள் சேலத்தில் படிப்பதால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை அங்கேயும் போய்வருகிறார். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்துக்கொண்டு வரும்போது, "யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி" பிக்கப் திடீரென்று செத்துவிடுகிறது. அதற்கப்புறம் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் ஏற மறுக்கிறது, லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கிறது. இன்ஜின் விளக்கு சில சமயம் எரிகிறது, சில சமயம் இல்லை. ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி இழுக்கிறது, அடுத்த ஏற்றம் வரை. காலையில் பாதி செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் அதிர்வு இல்லை, கரும்புகை கொஞ்சம் கூடியிருக்கிறது, மைலேஜ் ஒன்றிரண்டு குறைந்திருக்கிறது.

மூன்று பட்டறை, மூன்று தீர்ப்பு. முதல் இடத்தில் ஸ்கேன் போட்டு, கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த கோளாறு எண்ணை (கோட்) அழித்துவிட்டு, அது என்ன கோட் என்றே சொல்லாமல் "டர்போ போச்சு, 62,000 ஆகும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஈஜிஆரை (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் வால்வு) அடைத்து, ரீமேப் (கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளை மாற்றி எழுதுவது) செய்தால் போதும் என்றார்கள். மகன் யூடியூப் பார்த்துவிட்டு டிபிஎஃப் (சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்திருக்கிறது என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் பங்க் டீசல்தான் கலப்படம் என்கிறார், பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு இனி அனுமதி இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். மனைவி, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, டர்போ மாற்றியும் சரியாகவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

சார், உங்கள் கடிதத்தில் இருக்கிற மிக முக்கியமான வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பதுதான் அது. மூன்று பட்டறையிலும் இதைச் சொன்னீர்களா, சொன்னால் அவர்கள் காதில் வாங்கினார்களா என்று தெரியவில்லை. ஆனால் இந்த ஒரு வரி போதும், 62,000 ரூபாயை இப்போதைக்குப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல.

ஏனென்றால் ஷாஃப்ட் உடைந்த டர்போவோ, பிளேடு தேய்ந்த டர்போவோ சாவியைத் திருப்பியதும் குணமாகாது. உங்கள் வண்டியில் நடப்பது லிம்ப் மோட். இன்ஜினின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு அளவு எல்லை தாண்டிப் போவதைப் பார்க்கிறது, இன்ஜினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்து டர்போ அழுத்தத்தையும் கட்டுப்படுத்துகிறது, சாவியை அணைத்ததும் மறுபடி புதிதாக ஆரம்பிக்கிறது. அப்போ கேள்வி எந்தப் பாகம் செத்தது என்பதல்ல, எந்த அளவு எல்லை தாண்டியது என்பதுதான். அதற்கான விடை முதல் பட்டறையின் ஸ்கேனர் திரையில் இருந்தது. அதைத்தான் அழித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழுவை நாள்பட மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் நான் ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ், சைலன்சர் அடைப்பு, கிளட்ச் என்று தேடியிருப்பேன். இன்ஜின் சுற்று ஏறி வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் அது கிளட்ச் வழுக்கல், அதற்கு டர்போ மாற்றியவர்களும் உண்டு. உங்களுக்குச் சுற்றே ஏறவில்லை, அதுவும் ஒரே நொடியில் வெட்டுகிறது. எனவே அது இல்லை.

மூன்று தீர்ப்பும் மகனின் டிபிஎஃப்பும்

இன்ஜெக்டர் என்கிறவரிடமிருந்து ஆரம்பிக்கலாம். இன்ஜெக்டர் ரிட்டர்ன் லைனில் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய்) அதிகமாக ஒழுகினால் முதலில் அடிபடுவது ஸ்டார்ட்டிங். செல்ஃப் நீளமாகச் சுற்றும், ஐடிலில் இன்ஜின் குலுங்கும், டக் டக் என்று சத்தம் வரும், வெண்புகை வரும். உங்களுக்கு இதில் எதுவுமே இல்லை. சந்தேகம் இருந்தால் நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, எதில் அதிகம் சேருகிறது என்று பார்த்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்கிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

மகனிடம் சொல்லுங்கள், உங்கள் வண்டியில் டிபிஎஃப்பே இருக்காது. நாடு முழுக்க பிஎஸ்4 புகைக் கட்டுப்பாட்டுத் தரம் வந்தது 2017 ஏப்ரலில்தான். 2012-இல் சென்னை போன்ற சில நகரங்களில் மட்டும்தான் பிஎஸ்4 கட்டாயம், தர்மபுரியில் பதிவான உங்கள் வண்டி பெரும்பாலும் அதற்கு முந்தைய பிஎஸ்3 ஆகத்தான் இருக்கும். அவன் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வண்டிகளைப் பற்றியதாக இருக்கும்.

கலப்பட டீசல்? இருக்கலாம், ஆனால் அப்படியானால் சேலம் போகும் வழியிலும் ஊருக்குள்ளும் அது காட்டியிருக்க வேண்டும். சந்தேகம் தீர அடுத்த முறை பங்க்கில் டீசலின் டென்சிட்டி (அடர்த்தி) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கு அங்கே எழுதி வைத்திருக்கிற எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கருவி அவர்களிடம் இருந்தாக வேண்டும்.

எனக்கு இரண்டு சந்தேகம்தான். ஒன்று, டர்போவுக்குள் இருக்கும் அசையும் தகடுகள் கரி பிடித்துச் சிக்குகின்றன. இந்த வகை டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கம் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். சுற்று குறைவாக இருக்கும்போது அவை மூடி, புகையை நெருக்கி, சக்கரத்தை வேகமாகச் சுழற்றும். சுற்றும் லோடும் ஏறும்போது திறந்துகொள்ள வேண்டும். கரி பிடித்தால் திறக்க மறுக்கும், அழுத்தம் தேவைக்கு மேல் எகிறும், கம்ப்யூட்டர் வெட்டிவிடும். ஊருக்குள் நன்றாக இருந்து நீண்ட ஏற்றத்தில் மட்டும் வெட்டுவதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மைலேஜுக்காக எப்போதும் 1,500 சுற்றைத் தாண்டாமல் ஓட்டுகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கரி சேர்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டாவது, டீசல் வரத்து. ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் சாதாரண ஓட்டத்துக்குப் போதுமான டீசல் வரும், தொப்பூரில் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் மிதிக்கும்போது போதாது. ரெயில் அழுத்தம் விழும், அதற்கும் கம்ப்யூட்டர் இதே மாதிரிதான் வெட்டும், அதுவும் சாவி போட்டால் சரியாகும். டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், அது எப்படியும் வீண் செலவாகாது.

முதலில் கோட், அப்புறம்தான் ஸ்பேனர்

அடுத்த முறை வெட்டியதும் சாவியை அணைத்துப் போட்டு ஊர் வந்து சேருங்கள், ஆனால் யாரையும் கோட் எண்ணை அழிக்க விடாதீர்கள். ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். பி0234 என்றால் அழுத்தம் அதிகம், என் முதல் சந்தேகம் வலுக்கிறது. பி0299 என்றால் அழுத்தம் போதவில்லை, அப்போ ஹோஸ் கிழிசல், வேக்குவம் (டர்போ தகடுகளை அசைக்கும் உறிஞ்சு விசை) ஒழுகல், அல்லது தகடுகள் திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. சில கம்பெனிகள் சொந்த எண் வைத்திருப்பார்கள், அப்போது எண்ணோடு வருகிற விளக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். கோட் எண்ணுடன் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்று இருக்கும். வெட்டிய அந்த நொடியில் சுற்று எவ்வளவு, லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும்.

போனோடு இணையும் ஆயிரம் ரூபாய் ஸ்கேனரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2012 வண்டி அதோடு பேசாமலேயே போகலாம். யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். பேசவில்லை என்றால் மல்ட்டி பிராண்ட் ஸ்கேனர் வைத்திருக்கிற கடைக்குத்தான் போக வேண்டும்.

லைவ் டேட்டாவில் (ஸ்கேனர் அந்தந்த நொடியில் காட்டும் அளவுகள்) மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது இன்டேக் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல் காட்டும், தர்மபுரி உயரத்தில் 96 வாக்கில், ஓசூர் போனால் 91 வாக்கில் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் அது 110 என்றோ 80 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, டர்போ மேல் பழி போட வேண்டாம். இரண்டாவது, ஏற்றத்தில் மிதிக்கும்போது கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தமும் கிடைக்கிற அழுத்தமும். இரண்டும் ஒட்டியே நகர வேண்டும். கிடைப்பது கேட்டதைவிட மேலே எகிறினால் தகடு, கீழே தங்கினால் ஒழுகல். மூன்றாவது, ரெயில் அழுத்தம். இந்தக் காலத்து இன்ஜின்களில் ஐடிலில் 250 முதல் 350 பார் வரை இருக்கும், முழு லோடில் 1,400க்கு மேல் போகும். அங்கேயும் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டிப் போகிறதா என்பதுதான் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்த ஓட்டச் சோதனையில் ஸ்கேனரைப் பார்ப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், நீங்கள் ரோட்டை மட்டும் பாருங்கள். தொப்பூரில் பாதி ஏற்றத்தில் வெட்டினால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, நிறுத்த அகலமான இடம் வரும்வரை இடது ஓரமாக மெதுவாக ஏறுங்கள். வளைவில் நிறுத்தி சாவியைத் திருப்புகிற வேலை வேண்டாம்.

பானட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம்

உங்கள் மாடலில் டர்போ தகடுகளை நகர்த்துவது வேக்குவம் ஆக்சுவேட்டர். டர்போ பக்கத்தில் ஒரு தகர டப்பாவும், அதிலிருந்து வரும் மெல்லிய கம்பியும் தெரியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு டார்ச் அடித்து அந்தக் கம்பியைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் உள்ளே இழுபட வேண்டும், அணைத்ததும் தடையில்லாமல் திரும்பி வர வேண்டும். திக்கித் திக்கி வந்தாலோ பாதியில் நின்றாலோ தகடு சிக்குகிறது, அல்லது கம்பியின் மூட்டில் துரு. ஸ்டார்ட் செய்தும் அசையவே இல்லை என்றால் வேக்குவம் அங்கே போய்ச் சேரவில்லை. கையை ஃபேன் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பார்த்தால் போதும்.

அப்புறம் அந்த வேக்குவம் டியூப். பென்சிலைவிட மெல்லிசான ரப்பர் குழாய், பத்து வருடத்தில் சூட்டில் காய்ந்து, வளைத்தால் நொறுங்கும். நீங்கள் வண்டியைத் தக்காளி கிரேட் அடுக்கும் ஷெட்டில் நிறுத்துவதாக எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எலி. தக்காளிக்கு வருகிற எலி சூடான பானட்டுக்குள் படுத்துவிட்டு டியூபைக் கடித்துவைக்கும். டியூபின் இரண்டு முனையையும் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கிழிசல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலுக்குத் தட்டும். இதுதான் காரணம் என்றால் உங்கள் மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

இன்டர்கூலருக்குப் போகும் பெரிய ஹோஸ்களின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கிளிப்புக்குப் பக்கத்தில் புதிதாக எண்ணெய் தெறித்த கறை இருந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது. அந்தக் கிழிசல் ஐடிலில் மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும் என்பதால் பட்டறையில் நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது பிடிபடாது. ஹோஸுக்கு உள்ளே எண்ணெய் இருந்ததைக் காட்டித்தான் டர்போ போச்சு என்றார்களாம். லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது சாதாரணம், பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் குழாய்) வழியாக வருவது அது. கவிழ்த்தால் ஒழுகுகிற அளவுக்குத் தேங்கியிருந்து, நீலப்புகையும் வந்து, ஆயிலும் குறைந்தால்தான் டர்போ சீலைச் சந்தேகப்பட வேண்டும்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரசரில் ஊதி ஊதிப் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கல் குவாரி லாரி ஓடுகிற நம் பக்கத்துத் தூசுக்கு, ஊதி ஓட்டை விழுந்த ஃபில்டர் போட்டால் டர்போவின் காற்றுப் பக்கச் சக்கரம்தான் தேயும்.

டர்போவைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

தகடு சிக்குவது உறுதியானால் கழற்றித் துடைப்பதுதான் சரியான வேலை. இன்டேக் வழியாக அடிக்கிற ஸ்பிரேயை நம்பாதீர்கள், தகடுகள் இருப்பது எக்ஸாஸ்ட் பக்கம். எக்ஸாஸ்ட் ஹவுசிங்கைப் பிரித்து, தகட்டு வளையத்தை எடுத்து, கரியைச் சுரண்டி, கையால் அசைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். சேலத்திலும் பெங்களூரிலும் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்சுவேட்டர் கம்பியின் நீளத்தையும் ஸ்டாப் ஸ்க்ரூவையும் யாரும் திருகக் கூடாது, அது கம்பெனி வைத்த அளவு.

கழற்றிய கையோடு ஷாஃப்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், ஆயில் இல்லாதபோது அது இயல்பு, அதைக் காட்டி பயமுறுத்தினால் மிரள வேண்டாம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தாலோ, பிளேடு ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ கதை வேறு. அப்போதும் முழு டர்போ வாங்குவதற்கு முன் ஷாஃப்டும் சக்கரங்களும் சேர்ந்த நடுக் கோர் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எது மாற்றினாலும் ஆயில் வருகிற பைப்பை மாற்றாமல் அல்லது சுத்தமாகத் துடைக்காமல் மாட்டக் கூடாது. பழைய டர்போவைக் கொன்ற அடைப்பு அதே பைப்பில் இருந்தால் புதியதையும் அதுவே கொல்லும்.

சரியான பிறகு ஓட்டுகிற விதத்தை மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு முறை காரிமங்கலம் ஏறி கிருஷ்ணகிரி வரை, நான்காவது கியரில் 2,500 சுற்றில் போய் வந்தால் கரி அவ்வளவாகச் சேராது. 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவதை 10,000க்குக் குறையுங்கள். ஏற்றம் ஏறி வந்ததும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

ஈஜிஆர் அடைப்பும் ரீமேப்பும்

ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றாலும் கரும்புகை வரும், இழுவை குறையும், எனவே அதைத் துடைக்கச் சொல்வதில் தவறில்லை. அடைப்பது வேறு விஷயம். புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பாகத்தை முடக்குவது அனுமதியில்லாத மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் தண்டனையும் உரிமையாளரான உங்கள் மேல் பாயும். ரீமேப் இன்னும் மோசம். காரணம் தெரியாத கோளாறு இருக்கும்போது அழுத்த எல்லையை உயர்த்தி எழுதினால், இப்போது வெட்டி உங்களைக் காப்பாற்றுகிற கம்ப்யூட்டர் வெட்டாது, நிஜமாகவே டர்போ போகும்.

பில்லும் புகாரும்

பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்றால், முடியும், ஆனால் காகிதம் வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன் என்ன கோளாறு, என்ன சோதனையில் கண்டுபிடித்தார்கள், எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை மாத வாரண்டி என்று எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் 'கொஞ்சம் குறைச்சுக்கலாம்' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம், அந்தக் குறைப்போடு உங்கள் ஆதாரமும் போய்விடும். சரியாகவில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் கூட போதும். மறுத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. கோட் எண்ணை அழித்த முதல் பட்டறை மேல் புகார் கொடுக்க இப்போதைக்கு ஒன்றுமில்லை, வேலையே செய்யவில்லையே.

விற்பதா, வைத்துக்கொள்வதா

பத்து வருடக் கணக்கு டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு ஆர்சி 15 வருடம், அதாவது உங்களுக்கு 2027 வரை. அப்புறம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், பசுமை வரி கட்ட வேண்டியிருக்கும். விற்க நினைத்தாலும் இந்த நிலையில் விற்காதீர்கள். வாங்க வருகிறவரும் இதே தொப்பூரில் ஓட்டிப் பார்த்துவிட்டு 62,000 என்று காதில் விழுந்ததை ஒரு லட்சமாக்கித்தான் குறைத்துக் கேட்பார்.

இந்த வாரம் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், வேக்குவம் டியூபைத் தடவிப் பாருங்கள், ஆக்சுவேட்டர் கம்பி அசைவதை ஒரு வீடியோ எடுங்கள். அதற்கப்புறமும் வெட்டினால் கோட் எண், ஃப்ரீஸ் ஃப்ரேம் படம், சாவி ஆனில் காட்டும் அழுத்தம் இந்த மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் பட்டறைக்கு என்ன வேலை சொல்லி அனுப்பலாம் என்று பார்க்கலாம்.